போட்டியில் நடந்துவிட்டு மெடல் வாங்கலாமா?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. செவ்வாய்க்கிழமை படித்தேன். குளிக்கும்போதும் அதுதான், பால் வாங்கப் போகும்போதும் அதுதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். சுருக்கிப் படிக்கிறேன்.

“எனக்கு 52 வயது. உங்கள் வீடியோவைப் பார்த்து 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று ஆறு மாதமாகப் பழகுகிறேன். கோவையில் 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். போட்டியில் நடந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? நடந்து முடித்துவிட்டு மெடல் வாங்கிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா? என் மகன் அப்படித்தான் சொல்கிறான். சுடிதாரில் ஓடலாமா?”

முதலில் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, ஓட்டப் போட்டியில் நடக்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. நடைப் போட்டியில்தான் ஓடக் கூடாது. ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது என்று அங்கே நடுவர்கள் அட்டையோடு நிற்பார்கள். ஓட்டத்தில் உங்கள் நடையைப் பார்க்க அப்படி ஒருவரும் நிற்பதில்லை. சொந்தக் காலில், போட்ட பாதையில், குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் சரி. நடுவில் ஆட்டோ பிடித்தால்தான் ஏமாற்று.

1975ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பில் ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கர் ஓடினார். வழியில் நின்று தண்ணீர் குடித்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. ஷூ லேஸ் அவிழ்ந்ததும் நின்று குனிந்து கட்டிக்கொண்டார். அப்படியெல்லாம் செய்தும் 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் முதலாவதாக வந்தார். அன்றைக்கு அது அமெரிக்க தேசியச் சாதனை. அவர் தலையில் சூட்டிய வெற்றி வளையத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா கழுத்தில் விழுகிற மெடலைக் கேட்க வருகிறார்களாம்!

கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்கிற இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜெஃப் காலோவே. பழைய பார்வையாளர்களுக்குப் பெயர் தெரியும். ஓட முடியாமல் போனவர் கண்டுபிடித்த வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். அட்லாண்டாவில் 1970இல் நடந்த முதல் பீச்ட்ரீ ஓட்டத்தில் ஜெயித்தவர். அதுவும் ஊர்ச் சாலையில் நடந்த போட்டிதான். அப்படிப்பட்ட மனிதர் புதிதாக ஓட வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போய், நடுநடுவே நடக்கச் சொன்னால் ஆட்கள் அடிபடாமல் போட்டியை முடிக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்கைப் போட்டதும்தான் எனக்கே இந்தக் கேள்வி பிடித்துப்போனது. அக்கா தன் வேகத்தையும் எழுதியிருக்கிறார். ஓடினால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம், நடந்தால் 12 நிமிடம். 2 நிமிடம் ஓடினால் 250 மீட்டர். 1 நிமிடம் நடந்தால் ஏறத்தாழ 83 மீட்டர். ஆக 3 நிமிடத்தில் 333 மீட்டர், 9 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர். 10 கிலோமீட்டருக்கு 90 நிமிடம், அதாவது ஒன்றரை மணி நேரம்.

இப்போது மகன் சொல்கிற மாதிரி ‘ஒழுங்காக’ ஓடுவோம். நடக்காமல் 5 கிலோமீட்டர் ஓடி, அதற்கு மேல் முடியாமல் மீதியை நடக்கிறார் என்று வையுங்கள். ஓடியது 40 நிமிடம், நடந்தது 60 நிமிடம். மொத்தம் 100. பத்து நிமிடம் பின்னால்! நடையும் அதே 12 நிமிட நடையாக இருந்தால்தான் இந்த 100. கால் விழுந்த பிறகு நடக்கிற நடை எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். நிற்காமல் ஓடி இந்த 90 நிமிடத்தைத் தொட வேண்டுமானால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? போட்டுப் பார்த்தேன். ஏழரைக் கிலோமீட்டர். ஆமாம், ஏழரை. சிரிக்காதீர்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது. ஒரே மூச்சில் ஏழரை ஓட அக்காவால் இன்றைக்கு முடியாது, அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டிரண்டு நிமிடமாக முப்பது தடவை ஓடுகிறாரே, அந்த 250 மீட்டர்களைக் கூட்டிப் பாருங்கள். அதுவும் ஏழரைக் கிலோமீட்டர்தான்! பத்தில் ஏழரையை ஓடியிருக்கிறார். நடந்தது வெறும் இரண்டரை. நம் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஏறத்தாழ அந்தத் தூரம் வந்துவிடும். மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள், அக்கா.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. நடக்கலாமா என்று கேட்டீர்கள். முதல் நடையை எப்போது தொடங்குவது என்று கேட்டிருந்தால் நான் துள்ளிக் குதித்திருப்பேன். போட்டி அன்றைக்கு எல்லாரும் கோட்டை விடுகிற இடம் அதுதான். நானும் விட்டேன்.

சுமைதாங்கிக் கல் கதையை மறுபடி சொல்லப் போகிறேன். கேட்டவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். பழைய சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், பக்கத்தில் ஆள் தேடாமல் சுமையை அதில் இறக்கி வைக்கலாம், பிறகு தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்களின் நினைவாக நட்ட கற்களும் இவற்றில் உண்டு. அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை ஒரு கல் வாங்கிக்கொள்கிறது. இதை நினைத்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

என் அம்மிச்சி தக்காளிக் கூடையோடு சந்தைக்கு நடந்து போனவர். சின்ன வயதில் நானும் கூடப் போவேன். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு கல். அதற்குள் என்ன களைப்பு வந்துவிடும்? ஆனாலும் இறக்கி வைப்பார். “நோவுதா அம்மிச்சி?” என்று கேட்டால், “நோவற வரைக்கும் தூக்கிட்டுப் போனா, அப்பறம் எறக்கி வெச்சாலும் நோவு போகாது கண்ணு” என்பார். காலோவே என்ற பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை. ஆனால் காலோவே சொன்னதும் இதேதான். களைத்த பிறகு நடப்பது ஓய்வு இல்லை, தோல்வி. களைப்பதற்கு முன்பே நடப்பதுதான் இந்த முறை. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு கால் மேல் இறங்குகிறது. நடக்கும்போது ஏறத்தாழ ஒரு மடங்குதான். அந்தத் தசைகள் கெட்டுப்போகும் முன்பே அவற்றுக்குக் கல்லைக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் என் முதல் 10 கிலோமீட்டரில் நான் என்ன செய்தேன்? காலை ஐந்தரை மணி. மேடையில் சத்தமாகப் பாட்டு, ஜும்பா, மைக்கில் ஒருவர் “கோயம்புத்தூர்!” என்று கத்துகிறார், ஆயிரம் பேர் பதிலுக்குக் கத்துகிறார்கள். கிளம்பியாயிற்று. நான் பழகியது 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. நாலாவது நிமிடம் கையில் கடிகாரம் அதிர்ந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவர்கூட நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன், எதிரே கைதட்டும் கல்லூரிப் பிள்ளைகள். இதில் எப்படி நடப்பது? சரி, அடுத்த தடவை நடப்போம் என்று விட்டேன். அடுத்ததையும் விட்டேன். வேகமும் எனக்குத் தெரியாமலே கூடியிருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தேன். அப்போது என்னைத் தாண்டிப் போனார் ஒரு பெரியவர். அறுபத்தைந்து இருக்கும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே அவர் நடந்ததைப் பார்த்து, “பாவம், அதற்குள் முடியவில்லை” என்று நினைத்தவன் நான். அவருக்குப் பிறகு 14 நிமிடம் கழித்துத்தான் முடித்தேன். சிரிப்பார்களா என்று கேட்டீர்களே அக்கா. அன்றைக்கு மனதுக்குள் சிரித்தவனே நான்தான்.

அதனால் முதல் நடை உங்களுக்கு இரண்டாவது நிமிடம். கால் நன்றாக இருக்கும், மூச்சு நன்றாக இருக்கும், மனசு கேட்காது. நடங்கள். நல்ல மனசோடு தண்ணீர் கொடுக்கிற பிள்ளைகள் “ஓடுங்க ஆன்ட்டி, நடக்காதீங்க!” என்று கத்துவார்கள். சிரித்துக் கும்பிட்டுவிட்டு நடங்கள்.

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். ஓடிக்கொண்டே இருந்தவர் நட்டநடுச் சாலையில் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் முதுகில் மோதுவார். கையை உயர்த்துங்கள், ஓரத்துக்கு வாருங்கள், அப்புறம் நடையாக மாறுங்கள். தொடங்கும்போதே கூட்டத்தின் பின்பக்கம் நில்லுங்கள். சிப் வைத்து நேரம் எடுக்கிற போட்டியானால் தொடக்கக் கோட்டில் விரித்திருக்கிற பாயை நீங்கள் மிதித்த நொடியிலிருந்துதான் உங்கள் கணக்கு ஓடும். பின்னால் நின்றால் நஷ்டம் இல்லை. சத்தத்தில் கடிகாரத்தின் பீப் ஒலி கேட்காது, அதிர்வு வையுங்கள். 1 நிமிட நடையில் கடைசியில் சோம்பல் தட்டுகிறது என்றால் 1 நிமிடம் ஓட்டம், 30 விநாடி நடை என்று மாற்றிப் பாருங்கள். கணக்கு அதேதான். காலோவேயும் பிற்பாடு 30 விநாடி நடையைத்தான் பரிந்துரைத்தார். ஆனால் போட்டிக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள், இப்போதே பழகுங்கள். ஒன்பதாவது கிலோமீட்டர் தாண்டிய பிறகும் கால் நன்றாக இருந்தால் நடையை விட்டுவிட்டு ஓடிவிடலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் மாரத்தான் ஓடிய சாதாரண ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை 1 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் முழுக்க ஓடினார்கள். 4 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓட்டத்தில் இரண்டு பிரிவுக்கும் சராசரி வித்தியாசம் ஏறத்தாழ 7 நிமிடம்தான். நடந்தவர்களுக்குத் தசை வலியும் களைப்பும் குறைவு. ஆனால் இதயத்தின் மேல் விழுந்த சுமை குறையவில்லை. நடுவில் நடக்கிறோமே, இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்காமல் வராதீர்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸுக்கு வந்து நாலு சுற்று வந்து பாருங்கள், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரும். மகனையும் கூட்டி வாருங்கள். அவன் நிற்காமல் ஓடட்டும், நீங்கள் உங்கள் முறையில் வாருங்கள். மூன்றாவது சுற்றில் அவனை எங்கே பிடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

சுடிதாரில் ஓடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.