ப்ரோக்கிலோன் வனத்தில் விடுபட்ட சந்திப்பு

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

2019 டிசம்பர் 20 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'தி விட்சர்' தொடரின் முதல் சீசன் முடியும் காட்சியை முதலில் நினைவூட்டுகிறேன். காட்டு மரங்களுக்கு இடையே, காலில் காயத்தோடு, அரக்கர்களை வேட்டையாடுவதையே தொழிலாகக் கொண்ட கெரால்ட் நடந்து வருகிறான். நாட்டையும் பாட்டியையும் போரில் பறிகொடுத்த சிரி என்ற இளவரசி எதிரே வருகிறாள். இருவரும் ஓடிச்சென்று கட்டிக்கொள்கிறார்கள். அவள் கேட்கிறாள்: "யென்னஃபர் யார்?" கெரால்ட் காதலிக்கும் மந்திரக்காரியின் பெயர் அது. அத்துடன் அந்த சீசன் முடிந்துவிடுகிறது. நடிப்பில் குறையில்லை, ஒளிப்பதிவிலும் குறையில்லை. ஆனாலும் மூல நூலைப் படித்த பலருக்கு அந்த இடத்தில் கண் கலங்கவில்லை. படிக்கும்போது கலங்கிய கண்கள் பார்க்கும்போது ஏன் கலங்கவில்லை என்ற கேள்விதான் இத்தொடரைப் பற்றி ரசிகர்கள் நடத்திவரும் நீண்ட விவாதத்தின் வேர் என்று நான் கருதுகிறேன். பின்னால் நிகழ்ந்த விலகல்கள், மாற்றங்கள், கோபங்கள் எல்லாவற்றையும் அந்த வேரிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

போலந்து எழுத்தாளர் ஆன்ட்ஜேய் சப்கோவ்ஸ்கி கெரால்டை முதன்முதலில் எழுதியது ஒரு சிறுகதையில். அது 1986-இல் 'ஃபான்டாஸ்டிகா' என்ற போலந்து இதழில் வந்தது. கதைகள் தொகுப்புகளாயின. 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்கள் தொடர்ந்தன. அந்த ஐந்து நாவல்களுக்கும் அடித்தளம் இடுவது 'விதியின் வாள்' என்ற சிறுகதைத் தொகுப்பு. நூல்களின் பெயர்களை வசதிக்காகத் தமிழிலேயே சொல்லிச் செல்கிறேன். தொகுப்பின் பெயரையே கொண்ட கதையில், ஒரு மன்னனின் செய்தியைச் சுமந்துகொண்டு, மரமகளிர் ஆளும் ப்ரோக்கிலோன் என்ற வனத்துக்குள் கெரால்ட் போகிறான். அங்கே பிரம்மாண்டமான பூரான் போன்ற ஒரு பிராணியிடம் சிக்க இருந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறான். அவள் திருமண ஏற்பாட்டைப் பிடிக்காமல் ஓடிவந்த குட்டி இளவரசி சிரி. வாய்த்துடுக்கும் பிடிவாதமும் நிறைந்தவள். அவளுக்குப் பசிக்கிறது, கால் வலிக்கிறது, இருட்டில் தூக்கம் வரவில்லை. கதை சொல் என்கிறாள். வாளைத் தவிர வேறொன்றும் அறியாதவன்போல் திரியும் அந்த மனிதன், ஒரு பூனையையும் நரியையும் பற்றிய கதையைத் தட்டுத்தடுமாறிச் சொல்லத் தொடங்குகிறான். அவள் நடுநடுவே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறாள். ஒரு தகப்பனும் மகளும் உருவாவதை ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்லாமல் காட்டிவிடுகிறார்.

கதையின் முடிவில் அவளை அவன் ஏற்க மறுக்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தந்தைக்குச் செய்த உதவிக்குப் பரிசாக, அவன் தெரியாமல் கேட்டுப் பெற்ற உரிமைதான் இந்தக் குழந்தை என்று தெரிந்த பிறகும் மறுத்து, அவளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போகிறான். அடுத்து வரும் 'இன்னும் ஏதோ ஒன்று' என்ற கதையில் போர் மூள்கிறது. அவளுடைய நாடு எரிகிறது. அவள் செத்துவிட்டாள் என்று நம்பி அலையும் கெரால்ட், வழியில் ஒரு வணிகனைக் காப்பாற்றுகிறான். வணிகன் நன்றிக்கடனாக, தன் வீட்டில் தான் எதிர்பாராமல் காணப்போவதைத் தருவதாக வாக்களிக்கிறான். வீட்டுக்கு வந்தால், போரில் அநாதையான ஒரு சிறுமியை அவன் மனைவி எடுத்து வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிறுமி ஓடிவந்து கெரால்டின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். தான்தான் அவனுடைய விதியா என்று கேட்கிறாள். அதைவிட மேலான ஏதோ ஒன்று என்று அவன் பதில் சொல்கிறான். ஒருமுறை கைவிட்டவன், இழந்துவிட்டோம் என்று நம்பியவன் சொல்லும் பதில் அது.

தொடரில் அந்த வணிகனும் உண்டு, அவன் மனைவியும் உண்டு, ப்ரோக்கிலோன் வனமும் உண்டு. ஆனால் வனத்துக்குள் சிரி மட்டும் போகிறாள், கெரால்ட் இல்லை. ஆகவே, கடைசிக் காட்சியில் கட்டிக்கொள்ளும் இருவரும் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. பிரிவு நடக்காத இடத்தில் மறுசந்திப்பு எப்படி நடக்கும்? விதி சேர்த்து வைத்தது என்று வசனம் சொல்கிறது. மூல நூலோ, விதி மட்டும் போதாது என்பதற்காகவே அத்தனை பக்கங்களைச் செலவழித்திருக்கிறது.

இது ஏன் விடுபட்டது என்பதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. தொடரை உருவாக்கித் தலைமையேற்று நடத்திய லாரன் ஷ்மிட் ஹிஸ்ரிச், கெரால்ட், யென்னஃபர், சிரி மூவரையும் முதல் அத்தியாயங்களிலிருந்தே நாயகர்களாக நிறுத்த விரும்பினார். அதற்காக மூன்று வெவ்வேறு காலங்களில் நடக்கும் கதைகளைப் பின்னிக் கொடுத்தார். சிரியின் கதை அவள் நாடு வீழ்ந்த நாளில் தொடங்கிவிடுகிறது. அவளாக நடித்த ஃப்ரேயா ஆலன் அப்போது பதின்பருவத்தின் இறுதியில் இருந்தவர். பத்து வயதுக் குழந்தையாக அவரை வனத்தில் காட்ட இயலாது. அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே இந்த இழப்பும் தீர்மானமாகிவிட்டது. இதை நான் வன்மத்தின் விளைவாகப் பார்க்கவில்லை. ஆனால் விலை மிகப் பெரியது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இந்த நூல்கள் கதையின் வரிசையில் வரவில்லை. 'இறுதி விருப்பம்' என்ற சிறுகதைத் தொகுப்பு 2007-இல் வந்தது. உடனே 2008-இல் முதல் நாவலான 'எல்ஃபுகளின் குருதி' வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய 'விதியின் வாள்' 2015-இல்தான் ஆங்கிலம் கண்டது. வந்த வரிசையிலேயே வாங்கிப் படித்தவன் நான். நாவலைத் திறந்தால் கெரால்டிடம் ஒரு பெண் குழந்தை வளர்கிறது. அவளுக்காக அவன் உயிரையும் கொடுப்பான் என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. ஏதோ பக்கங்கள் கிழிந்துபோன பிரதி கைக்கு வந்ததுபோல் இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பைப் படித்த இரவில், பூனைக் கதையை நிறுத்திவிட்டு அவள் தூங்கிப்போகிறாளா என்று பார்க்கும் அந்த மனிதனைக் கண்ட பிறகுதான், முன்பு படித்த நாவல்கள் எல்லாம் எனக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. தொடரைப் பார்த்தபோது மீண்டும் அந்த 2008-ஆம் ஆண்டு வாசகனாகவே ஆனேன்.

இப்போது விலகலுக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 29 அன்று, கெரால்டாக நடித்துவந்த ஹென்றி கேவில் மூன்றாவது சீசனோடு விடைபெறுகிறார், நான்காவதிலிருந்து லியாம் ஹெம்ஸ்வொர்த் கெரால்டாக நடிப்பார் என்று அறிவிப்பு வந்தது. பதக்கத்தையும் வாள்களையும் கீழே வைப்பதாகக் கேவில் தம் அறிக்கையில் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் தாம் மீண்டும் சூப்பர்மேனாக வருவதாக அவர் அறிவித்திருந்தார். அந்த வாய்ப்பும் டிசம்பரில் கைநழுவியது. அதே ஆண்டில், முன்பு அத்தொடருக்கு எழுதிய ஒருவர், எழுத்தாளர் குழுவில் சிலருக்கு மூல நூல்கள் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இவற்றையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டு ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள். நூலுக்குச் செய்யப்பட்ட துரோகத்தைப் பொறுக்காமல் வெளியேறினார் என்றது ஓர் அணி. பெரிய படம் கிடைத்ததும் போய்விட்டார் என்றது மற்றோர் அணி. எழுத்தாளர்களை மாற்றுங்கள், நடிகரை வைத்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

கேவில் மீது ரசிகர்கள் வைத்த அன்பு வெறும் நட்சத்திர மோகம் அன்று. வீடியோ விளையாட்டுகள் வழியாக இந்த உலகுக்குள் வந்து, நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்து, வேடத்தைத் தாமே நாடிச் சென்றவர் அவர். இரண்டாவது சீசனில் ரோச் என்ற கெரால்டின் குதிரை சாகும் இடத்துக்கு முதலில் எழுதப்பட்டிருந்த வரி சற்றே விளையாட்டுத்தனமாக இருந்ததாகவும், அது வேண்டாம் என்று தாம் வற்புறுத்தியதாகவும் அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். திரையில் இன்று நாம் பார்ப்பது, நூலின் சொற்களைத் தழுவி, இறக்கும் குதிரையின் கழுத்தருகே குனிந்து அவன் மெல்லச் சொல்லும் விடைமொழி. முனகலும் ஒற்றைச் சொல்லுமாக இருந்த கெரால்டை, யோசித்துப் பேசும் கெரால்டாக மாற்றவும் அவர் முயன்றார். நூலில் வரும் கெரால்ட் உண்மையில் நிறையவே பேசுகிறவன், வாதிடுகிறவன். ஒரு நடிகர் தம் வேடத்துக்காக இவ்வளவு மன்றாடினார் என்றால், அவர் போகும்போது வாசகர்கள் கலங்குவது இயல்பு.

ஆயினும் நண்பர்களே, அந்த விவாதத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. ப்ரோக்கிலோன் சந்திப்பு தொலைந்தது முதல் சீசனில். அப்போது கேவில் அங்கேதான் இருந்தார். நூலை நேசித்த மனிதர் நடுநாயகமாக நின்றபோதே நூலின் உயிர்நிலை விடுபட்டது. ஏனெனில் அது நடிகர் ஒரு வரியைத் திருத்திச் சரிசெய்யக் கூடியது அன்று, கதையின் அமைப்பில் எடுக்கப்பட்ட முடிவு. ஆகவே, அவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற வாதம் நிற்காது. அதேபோல், அவர் வேறு வேலைக்காகப் போனார் என்று நிறுவிவிட்டால் தொடரின் மீதான குறைகள் பொய்யாகிவிடும் என்ற வாதமும் நிற்காது. ஒருவர் எதற்காகப் போனார் என்பது அவர் மனத்தில் இருக்கிறது. காட்சி என்ன ஆனது என்பது நம் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. கண்முன் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

கண்முன் இருப்பவற்றில் எல்லா மாற்றமும் ஒரே தரத்தவை அல்ல. இரண்டாவது சீசனில் எஸ்கெல் என்ற சக வேட்டைக்காரன் கொல்லப்பட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். நூலில் அவன் சாவதில்லை. ஆனால் நூலில் அவனுக்குள்ள இடம் சிறியது. விளையாட்டுகள்தான் அவனை நமக்கு நண்பனாக்கின. அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன், பகிர்ந்துகொள்ளவில்லை. யென்னஃபருக்கு நேர்ந்தது வேறு. மந்திரசக்தியை இழந்த அவள், அதைத் திரும்பப் பெறச் சிரியையே பலியாகக் கொடுக்கத் துணிவதாகத் தொடர் காட்டியது. 'எல்ஃபுகளின் குருதி' நாவலின் கடைசி அத்தியாயத்தில் நடப்பதோ முற்றிலும் வேறு. எல்லாண்டர் நகரத்து மெலிதெலே கோவிலில் யென்னஃபர் அந்தப் பெண்ணுக்கு மந்திரம் கற்பிக்கிறாள். முதலில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. "அவலட்சணமே" என்று அவளை அழைக்கிறாள். பாடம் நடக்க நடக்க அதே சொல் கொஞ்சலாகக் கனிகிறது. பிள்ளை பெற முடியாத ஒரு பெண் தாயாவது அந்த ஒரு சொல்லின் தொனி மாறுவதில் நிகழ்கிறது. துரோகமும் மன்னிப்பும் விறுவிறுப்பைத் தரலாம். அந்தச் சொல் மாறும் மாதங்களுக்கு அவை ஈடாகா. முதல் சீசனில் தகப்பனும் மகளும் உருவான கதை போனது, இரண்டாவதில் தாயும் மகளும் உருவான கதை போனது. இரண்டும் ஒரே வகை இழப்பு. நடிகர் மாறியதைவிட இவையே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

ஹெம்ஸ்வொர்த் நடித்த நான்காவது சீசன் 2025 அக்டோபர் 30 அன்று வந்தது. பிற்காலத்துக் கதைசொல்லி ஒருவர் சொல்லச் சிறுமி ஒருத்தி கேட்பதாகத் தொடங்கி, பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றைப் புதிய முகத்தோடு மீண்டும் காட்டினார்கள். இது சமாளிப்பு என்று சிலர் சினந்தார்கள். எனக்கு அது மூலத்துக்கு நெருக்கமான வழியாகவே பட்டது. சப்கோவ்ஸ்கியின் கடைசி நாவல்களிலேயே கெரால்டின் வாழ்க்கை பிற்காலத்தார் வாயில் கதையாகிப்போகிறது. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் முகம் மாறுவது அந்த உலகின் இயல்பு. போலந்திலேயே 2001-இல் திரைப்படமாகவும் 2002-இல் தொடராகவும் வந்த கெரால்டுக்கு வேறொரு முகம். 2007 முதல் வந்த விளையாட்டுகளில் இன்னொரு முகம். புதிதாக வந்த நடிகரை, வருவதற்கு முன்பே, அவர் செய்யாத குற்றத்துக்காக மூன்று ஆண்டுகள் ஏசியது நியாயமன்று என்பதை ஒரு வாசகனாக நான் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும்.

ஐந்தாவது சீசனோடு தொடர் நிறைவடைகிறது. நாவல்களின்படி கதை ஸ்டிக்கா கோட்டைக்கு வந்து சேர வேண்டும். நெடுங்காலம் பிரிந்து சிதைந்த மூவரும் அங்கேதான் மீண்டும் சந்திக்கிறார்கள். கோட்டைப் படிகளில் நடக்கும் அந்தச் சந்திப்பை எழுத்தில் தாங்கி நிற்பவை, காட்டில் சொன்ன பூனைக் கதையும் கோவிலில் சொன்ன "அவலட்சணமே" என்ற சொல்லும். திரையில் அதை எவற்றின் மீது நிறுத்தப்போகிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன். யார் முகம் அங்கே இருக்கும் என்பதை அல்ல.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி.