லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் விழும் "அந்த" நிழல்!

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் போனால் எல்லோரும் பிக் பென்னை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து நடைபாதையைப் பாருங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், ஓட்டிவிட்டுப் பார்க்கக் கூடாது!

முதலில் பழைய கதை, மடமடவென்று. இங்கே 1750-ல் ஒரு கல் பாலம் திறந்தார்கள். கட்டும்போதே ஒரு தூண் மண்ணில் இறங்கிய பாலம் அது. ஆனாலும் நின்றது. அதற்கு வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் பழைய லண்டன் பாலம் இருந்தது. நெருக்கி நெருக்கி நின்ற அதன் தடித்த தூண்கள் தேம்ஸை ஒரு தடுப்பணை போலப் பிடித்து வைத்திருந்தன. 1831-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும், பழையதை இடித்தார்கள். தடுப்பு போனதும் ஆற்றுக்கு வேகம் வந்துவிட்டது. அந்த வேகம் வெஸ்ட்மின்ஸ்டர் தூண்களின் காலடி மண்ணை அரித்துத் தின்ன ஆரம்பித்தது. அங்கே இடித்தால் இங்கே ஆட்டம்! யாரும் இதை யோசித்திருப்பார்களா? கமெண்டில் சண்டை போடலாம்.

சரி, அப்புறம் தாமஸ் பேஜ் என்ற பொறியாளர் ஏழு இரும்பு வளைவுகளோடு இப்போதைய பாலத்தைக் கட்டினார். திறந்தது 1862 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள். மத்திய லண்டன் சாலைப் பாலங்களில் இன்று இதுதான் மூத்தது.

நிறத்தைக் கவனித்தீர்களா? பச்சை. நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் இருக்கைத் தோலும் பச்சை. அடுத்திருக்கும் லாம்பெத் பாலம் சிவப்பு, ஏனென்றால் பிரபுக்கள் சபை இருக்கைகள் சிவப்பு. கட்டடத்துக்குள்ளும் காமன்ஸ் இந்தப் பாலத்தின் பக்கம், பிரபுக்கள் அந்தப் பாலத்தின் பக்கம். பெயின்ட் டப்பாவை வைத்தே வழி சொல்லிவிடலாம்!

இப்போது நிழல். அலங்காரத்துக்கு ஆலோசனை சொன்னவர், நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரி. அதனால் பாலமும் அதே கோதிக் பாணி, அதாவது பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் பாணி. கைப்பிடிச் சுவர் முழுக்க மூன்று இதழ் வடிவத் துளைகள். தேவாலய ஜன்னல்களில் பார்ப்போமே, அதே பக்தியான வடிவம். ஆனால் வெயில் சாய்ந்து அடிக்கும்போது நிழலில் ஓர் இதழ் மட்டும் நீள்கிறது. மற்ற இரண்டும் உருண்டையாகவே நிற்கின்றன. வரிசையாக. நடைபாதை நெடுக.

படத்தைத் திரையில் போடப் போவதில்லை. என் அம்மாவும் இந்தச் சேனலைப் பார்க்கிறார். புரிந்தவர்கள் கமெண்டில் எழுத வேண்டாம், ஒரு லைக் போதும்.