இரண்டு சேராது, மூன்று சேரும்
(உதகையில் ஒரு பள்ளி மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை காந்தல் வழியாக வந்தேன். புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல உறைபனி. நமக்கு அதுவே பெரிய குளிர். நான் பேச வந்திருக்கும் குளிர் வேறு: இதற்குக் கீழே குளிரே இல்லை என்னும் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல், ஒரு டிகிரியில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் என்று ஒரு ஊர், அதுவும் மலை சூழ்ந்த ஊர்தான். அங்கே ருடால்ஃப் கிரிம் குழுவினர் சீசியம் அணுக்களை அவ்வளவு குளிர வைத்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்.

எதற்கு அவ்வளவு குளிர்? சூட்டில் அணுக்கள் மோதிக்கொண்டு ஓடிவிடும். குளிர்ந்தால் வேகம் அடங்கி, ஒவ்வொன்றும் அலையாகப் பரந்து கிடக்கும். அப்புறம் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தே, அவை ஒன்றையொன்று எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம்.

இந்தக் கம்பளி நூலைப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை. தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையின் நிறங்கள். மூன்று கால் சடையாகப் பின்னியிருக்கிறேன். இப்போது சிவப்பை மட்டும் மெதுவாக உருவுகிறேன். கறுப்பும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, சுற்றிக்கொள்ளவே இல்லை. தொட்டால் பிரிந்துவிடுகின்றன. எந்தக் காலை உருவினாலும் இப்படித்தான்.

அணுவுக்கும் இது நடக்கும் என்று 1970-ல் லெனின்கிராடில் கணக்குப் போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் விட்டாலி எஃபிமோவ். இரண்டு சேர முடியாத நிலையிலும் மூன்று சேரும். அதோடு, ஒன்றைவிட 22.7 மடங்கு பெரிதாக அடுத்தது, அதைவிட 22.7 மடங்கு பெரிதாக அதற்கடுத்தது என்று ஏணி போல ஏறும். முதலாவது 2 செ.மீ. தேயிலைக் கொழுந்து என்றால், அடுத்தது ஒரு முழம், அதற்கடுத்தது ஒரு சில்வர் ஓக் மரம், அப்புறம் 234 மீட்டர்! இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நம் முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி வேலையைத் தொடங்கியதும் அதே 1970-ல்தான். ஆனால் எஃபிமோவின் கணக்கு 36 ஆண்டு காத்திருந்தது.

இன்ஸ்புரூக்கில் அந்த மூன்றணுக் கூட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பொறிக்குள் மிஞ்சுபவற்றைத்தான் எண்ணினார்கள். காந்தப்புலம் குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. மூன்றணுக் கூட்டு உருவாகும் அந்த அளவில் மூன்று மூன்றாக மோதி வெளியேறுகின்றன என்பதற்கு அதுவே தடயம்.

அணுக்கருவிலும் சடை உண்டு. லித்தியம்-11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் லித்தியம்-9, வெளியே இரண்டு நியூட்ரான். நடுக்கருவோடு ஒரு நியூட்ரான் மட்டும் நிற்காது. இரண்டு நியூட்ரான் தனியாகவும் சேராது. மூன்றுமாக இருந்தால் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 1985-ல் ஜப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழுவினர் அளந்தபோது அது எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது.

எதிர்ப்பொருளையும் கேட்பீர்கள். எலக்ட்ரானின் எதிர்ப்பொருள் துகள் பாசிட்ரான். ஒரு பாசிட்ரானும் இரண்டு எலக்ட்ரானும் சேர்ந்த மூவரை 1981-லேயே கண்டார்கள். ஆனால் அங்கே ஒரு பாசிட்ரானும் ஒரு எலக்ட்ரானும் தனியாகவே சேரும். சடைக் கதை அதற்குப் பொருந்தாது.

நாலு சேர்ந்தால்? 2009-ல் அதே இன்ஸ்புரூக்கில் அதற்கும் தடயம் கிடைத்தது: ஒவ்வொரு மூன்றணுக் கூட்டையும் ஒட்டி, நாலணுக் கூட்டு இரண்டு. நூல் இதோ இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் வாங்கம்மா, நாலு கால் சடை போட்டு, ஒன்றை உருவிப் பார்ப்போம்.