சுவர் இருந்தால்தான் சித்திரம்: தனுஷ்கோடி ரயிலடி

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து பந்தலும் மைக்கும் பார்த்துக்கொண்ட மீனவத் தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். தனுஷ்கோடிக்கு ரயில் வந்தது, ரயிலை நம்பி ஊர் வளர்ந்தது, புயலில் போன பிறகு மிச்சம் நிற்கும் ஸ்டேஷன் சுவர். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் கவலை.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அப்போதெல்லாம் எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் எடுத்து போட் மெயில் ரயில் ஏறலாம். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். மணல் திட்டில் ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன.

என் தாத்தா அங்கே கலாசி, ரயில்வேயில் உடலுழைப்பு வேலை பார்த்த தொழிலாளி. ஒருநாள் யாழ்ப்பாணத்தில் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் புறப்பட்ட அம்மா ஒருவர், மாவடு ஜாடியை ரயில் பெட்டியிலேயே விட்டுவிட்டார். தாத்தா ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கப்பல் ஏணியை எடுத்துவிட்டார்கள். மேலே அந்த அம்மா, “ஐயோ, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதய்யா!” என்று அழுகிறார். தாத்தா தலைத்துண்டை அவிழ்த்தார், ஜாடியின் கழுத்தில் சுற்றினார், கப்பல்காரர்கள் விட்ட கயிற்றில் முடிந்தார். ஒரு சொட்டு சிந்தாமல் மேலே போனது! மூன்று மாதம் கழித்து அதே அம்மா திரும்பி வந்தார். பேரன் பிறந்திருந்தான். ஜாடி நிறையப் பனங்கட்டி, மேலே துவைத்து மடித்த தாத்தாவின் துண்டு. வாய் ஓரம் சில்லுப் போன அந்த ஜாடியில்தான் இன்றும் எங்கள் வீட்டில் உப்பு வைக்கிறோம்.

அப்புறம் தாத்தாவுக்கு மண்டபத்துக்கு மாற்றல் வந்தது. அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி சேருமுன்னே புயலில் கடலோடு போயிற்று. நூறு பேருக்கு மேல். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் திரும்பவே இல்லை.

அந்த ஸ்டேஷனில் மிச்சம் இருப்பது சில சுவர்களும் இடிந்த தண்ணீர்த் தொட்டியும்தான். உப்புக் காற்று தின்கிறது, படம் எடுக்க ஏறுகிறவர்கள் கல்லைப் பெயர்க்கிறார்கள். பாம்பனில் 2025-ல் புதுப் பாலமே திறந்தாயிற்று. இந்தச் சுவர்களைச் சுற்றி ஒரு வேலியும், அங்கே வேலை பார்த்தவர்கள் பெயர் எழுதிய ஒரு பலகையும் போட முடியாதா? சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்!

மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் வைத்திருக்கிறோம். வீட்டில் பழைய ரயில்வே படமோ பாஸோ இருந்தால் எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம்.