பிரஸ்ஸல்ஸ் வக்கீலின் நாள் கணக்கு

வணக்கம் நேயர்களே. நிறுவனங்கள் சந்தையில் போட்டியைக் கெடுக்காமல் தடுப்பது போட்டிச் சட்டம். ஐரோப்பாவில் அத்துறையில் வேலை செய்யும் வக்கீல்களுக்குத் தலைநகரம் பிரஸ்ஸல்ஸ். கூகுளுக்கு 2017-இல் 242 கோடி யூரோ அபராதம் விதித்த ஐரோப்பிய ஆணையம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு, அங்கேதான் இருக்கிறது. இத்துறைக்கு வரும் இளம் வக்கீல் அப்படிப்பட்ட பெரிய வாதங்களைத் தொடப் பல வருடம் ஆகும். அதுவரை அவர் கையில் இருப்பவை படிவங்களும் தேதிகளும்.

நிறுவன இணைப்பை எடுத்துக்கொள்வோம். இணையும் நிறுவனங்களின் உலக விற்றுமுதல் மொத்தம் 500 கோடி யூரோவைத் தாண்டி, அவற்றில் இரண்டுக்காவது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தலா 25 கோடிக்கு மேல் இருந்தால், பொதுவாக ஆணையத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். முதல் கட்ட ஆய்வுக்கு 25 வேலை நாள். போட்டி குறையாமல் பார்த்துக்கொள்வதாக நிறுவனங்கள் உறுதிமொழி கொடுத்தால் 35. சந்தேகம் தீராவிட்டால் இரண்டாம் கட்டம், அதற்கு மேலும் 90. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் படிவம் முழுமையானால்தான் இந்தக் கணக்கே தொடங்கும். சிக்கலான இணைப்பில் வரைவுப் படிவங்கள் மட்டுமே பல மாதம் போய் வரும்.

படிவத்தோடு இயக்குநர் குழுவுக்குப் போன அறிக்கைகளும் போக வேண்டும். விற்பனைப் பிரிவில் யாரோ உற்சாகத்தில் "இதை வாங்கிவிட்டால் நமக்குப் போட்டியே கிடையாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதுவும் போகும். வக்கீல் அதை முன்பே படித்திருக்க வேண்டும். பதிலில் பிழை இருந்தாலும் தப்ப முடியாது. வாட்ஸ்ஆப்பை வாங்கும்போது, இரு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானாகப் பொருத்த நம்பகமான வழியில்லை என்று 2014-இல் ஃபேஸ்புக் சொன்னது. அது அப்போதே சாத்தியம், ஊழியர்களுக்கும் தெரியும் என்று ஆணையம் கண்டறிந்து 2017-இல் 11 கோடி யூரோ அபராதம் போட்டது.

திடீர்ச் சோதனை வேறு வகை வேலை. அதிகாரிகள் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். முதலில் அவர்கள் காட்டும் உத்தரவைப் படிக்க வேண்டும்: எந்தப் பொருள், என்ன குற்றச்சாட்டு? அதற்கு வெளியே உள்ள கோப்பை அவர்கள் எடுத்தால் அங்கேயே ஆட்சேபம் பதிய வேண்டும். ஒவ்வோர் அதிகாரியோடும் ஓர் ஆள் இருந்து, நகல் எடுத்தவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் எதையும் அழிக்கக் கூடாது என்பதை உடனே எழுத்தில் அனுப்ப வேண்டும். 2023-இல் நடந்த ஒரு சோதனையின்போது ஒரு மூத்த ஊழியர் வாட்ஸ்ஆப் செய்திகளை அழித்ததற்காக, வாசனைப் பொருள்கள் தயாரிக்கும் ஐஎஃப்எஃப் நிறுவனம் 1.59 கோடி யூரோ கட்ட நேர்ந்தது. இரவில் அதிகாரிகள் அறைக்கு வைத்த முத்திரை கலைந்ததற்கு ஜெர்மனியின் ஈ.ஆன் எனர்ஜி நிறுவனத்துக்கு 3.8 கோடி. துப்புரவுத் திரவம் பட்டிருக்கலாம் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

இந்தியாவில் பதிவுசெய்த வக்கீல்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணையத்தின் விசாரணையில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) பதிவுபெற்ற வெளி வக்கீலின் ஆலோசனைக் கடிதத்துக்கு மட்டுமே ரகசியப் பாதுகாப்பு உண்டு. நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் வக்கீலுக்கு அது கிடையாது என்று 2010-இல் ஆக்ஸோ வழக்கில் தீர்ப்பானது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் வக்கீல்கள் பலர் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்திலும் பதிவு செய்துகொண்டது சும்மா அல்ல.

ஆணையமும் காகிதத்தில் சறுக்கும். சிப் தயாரிக்கும் குவால்காமுக்கு விதித்த 99.7 கோடி யூரோ அபராதம் 2022-இல் நீதிமன்றத்தில் ரத்தானது. மூன்றாம் தரப்பினரோடு நடந்த சந்திப்புகளுக்கு முறையான குறிப்பு வைக்காதது காரணங்களில் ஒன்று. எதிராளியின் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் பொறுமை இருந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

புதிய வேலைகள் மிகப் பெரிய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தில் இருக்கின்றன. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள் என்பவை, எந்த நிறுவனம் அதன் கீழ் வரும் என்பதற்கான அளவுகோல்களில் இரண்டு. 2024 மார்ச் முதல் ஆப்பிள், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் போன்றவை அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இங்கே வக்கீல் மென்பொருள் பொறியாளரோடு உட்கார்ந்து திரை திரையாகப் பார்க்கிறார்.

நுழைய விரும்புவோருக்கு ப்ரூஷ் நகரின் ஐரோப்பியக் கல்லூரி பழகிய பாதை. ஆணையத்தின் ஐந்து மாதப் பயிற்சி மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும். பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றிய நீதிமன்றத்தின் உள்வேலை அந்த மொழியில்தான் நடக்கிறது. அங்கே மேல்முறையீட்டுக்கு, ஆணையத்தின் முடிவு கைக்கு வந்ததிலிருந்து இரண்டு மாதம், தொலைவுக்காகக் கூடுதலாகப் பத்து நாள். உங்கள் அலுவலகம் நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில் இருந்தாலும் அந்தப் பத்து நாள் உண்டு. பதினோராம் நாள் போனால் மனுவை உள்ளேயே எடுக்க மாட்டார்கள்.