சின்ன ஸ்டாண்டு, பெரிய மீன் தொட்டி: பலகை போட்டா போதுமா?

(காட்சி: இரும்பு ஸ்டாண்டு. மேலே காலியான கண்ணாடித் தொட்டி, நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது.)

வணக்கம். இந்தத் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே இருக்கிற ஸ்டாண்டு இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். தொட்டியை ஒரு இடத்துலயும் ஸ்டாண்டை இன்னொரு இடத்துலயும் வாங்கினா இப்படித்தான் வந்து சேரும். சென்னை கொளத்தூர் மீன் கடைகள்ல சுத்தி வாங்கினவங்களுக்கு இது புதுசில்ல. உடனே எல்லாரும் சொல்றது: "ஒரு பலகையைப் போட்டு மேலே வெச்சிடு."

பலகை போடலாம். ஆனா அது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மீதிப் பாதி ஸ்டாண்டோட கால்ல இருக்கு.

(காட்சி: தொட்டிக்குப் பக்கத்துல சிமெண்ட் மூட்டைகள்.)

முதல்ல எடையைப் போடுவோம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் தண்ணி. இந்தத் தொட்டி 6.75 கன அடி. விளிம்புக்கு ஒரு இஞ்ச் கீழே நிறுத்தினாலும் 180 லிட்டர், அதாவது 180 கிலோ. 8 எம்எம் கண்ணாடி 33 கிலோ. அடியில மணல், கல். எல்லாம் சேர்ந்து சுமார் 230 கிலோ வந்துடும். நாலரை மூட்டை சிமெண்ட்.

இந்த ஸ்டாண்டுக்குப் பொருத்தமான தொட்டி எது? இரண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. அதுல 110 லிட்டர்தான் பிடிக்கும். நீளத்துல அரை அடி, அகலத்துலயும் உயரத்துலயும் கால் அடிதான் கூடியிருக்கு, கொள்ளளவு ஏறக்குறைய 1.7 மடங்கு ஆயிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இதுதான்.

அதனால தொட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி, ஸ்டாண்டோட மேல்சட்டத்தைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் ஆடினாலும் பின்பக்கம் குறுக்குச் சட்டம் வெல்டிங் பண்ணணும். மர ஸ்டாண்டுன்னா, மேல்பலகை கால்மேலே உட்கார்ந்திருக்கா, இல்ல ஸ்க்ரூ மட்டும்தான் தாங்குதான்னு குனிஞ்சு பாருங்க. ஸ்க்ரூ மட்டும்னா வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டு கண்டிப்பா வேண்டாம், ஈரம் பட்டா உப்பிப் பொடியாயிடும்.

(காட்சி: 6 எம்எம், 18 எம்எம் பிளைவுட் அருகருகே.)

ஸ்டாண்டு கெட்டியா இருந்தா அடுத்தது பலகை. பலகையோட விறைப்பு தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல போகும். தடிமன் பாதியானா விறைப்பு எட்டுல ஒரு பங்கு. 6 எம்எம் பலகை, 18 எம்எம் பலகையை விட 27 மடங்கு எளிதா வளையும். கண்ணாடி வளையாது, விரிசல் விடும். அதனால தொட்டியோட அடி முழுசுக்கும் ஒரே துண்டா, 18 எம்எம் மரைன் பிளை, அதாவது தண்ணியைத் தாங்குற பிளைவுட். பக்கத்துக்கு ஒரு இஞ்ச் வரைக்கும் வெளியே நீட்டினா இது போதும்னு நான் நினைக்கிறேன்.

நம்ம தொட்டி நீளவாட்டுல பக்கத்துக்கு 3 இஞ்ச் நீட்டுது. ரெண்டு முனையிலயும் தலைக்கு 19 கிலோ கிட்ட ஆதாரம் இல்லாம இருக்கு. இதுக்கு வெல்டிங் பட்டறையில ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில தொட்டி அளவுக்கே ஒரு சட்டம் அடிச்சு, நடுவுல ரெண்டு குறுக்குக் கம்பி வெச்சு, ஸ்டாண்டோட சேர்த்து வெல்டிங் பண்ணிடுங்க. அதுமேலே பிளை. பக்கத்துக்கு 3 இஞ்சையும் தாண்டி நீட்டினா புது ஸ்டாண்டு வாங்குங்க, பழசோட மல்லுக்கட்டாதீங்க.

தெர்மோகோல் பிளைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வரும். சின்ன மணல் துகள், மேடு பள்ளத்தை அது வாங்கிக்கும். நீட்டிக்கிட்டிருக்கிற பகுதியை அது தாங்காது. அடியில பிளாஸ்டிக் சட்டம் போட்டு, கண்ணாடி உள்ளே தூக்கி நிக்கிற தொட்டிக்கு தெர்மோகோல் வைக்கவே கூடாது, நடுக்கண்ணாடியை அது மேலே தள்ளும்.

வீட்டுல குழந்தை இருந்தா, ஸ்டாண்டோட மேல்பகுதியை எல் பிராக்கெட் வெச்சுச் சுவத்தோட கட்டுங்க. அகலம் குறைஞ்ச ஸ்டாண்டு முன்பக்கம் சாயும், குழந்தை விளிம்பைப் பிடிச்சுத் தொங்கத்தான் பார்க்கும். இதைத் தள்ளிப் போடாதீங்க.

(காட்சி: காலுக்குக் கீழே டைல்ஸைத் தட்டுற கை.)

ஒவ்வொரு காலும் 58 கிலோ இறக்குது. டைல்ஸைத் தட்டுங்க. உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டா இடத்தை மாத்துங்க.

ஏற்கெனவே நிரப்பின தொட்டி இப்படி நிக்குதா? எதையும் நெம்பாதீங்க. அதே தண்ணியை டப்புல எடுத்து மீனை விடுங்க, ஃபில்டர் பஞ்சையும் அதுலயே ஊற வைங்க. தண்ணி, கல் முழுசா காலி பண்ணின பிறகு ரெண்டு பேர் தூக்குங்க.

திரும்ப நிரப்பும்போது கால் தொட்டி வந்ததும் நிறுத்தி, நாலு மூலையிலயும் விளிம்புல இருந்து தண்ணி வரைக்கும் அளந்து பாருங்க. வித்தியாசம் இருந்தா காலுக்குக் கீழே தகடு வைங்க, தொட்டிக்குக் கீழே வேண்டாம். பாதியில ஒரு தடவை, முழுசுல ஒரு தடவை அளங்க. ராத்திரி ஸ்டாண்டைச் சுத்தி நியூஸ்பேப்பர் விரிச்சுட்டுப் படுங்க. ஒரு சொட்டு கசிஞ்சாலும் காலையில காகிதத்துல தெரியும். காகிதம் காய்ஞ்சிருந்தா மீனை விடலாம்.