உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருள் நன்றாக வேலை செய்கிறதா? அப்போதுதான் நீங்கள் பயப்பட வேண்டும்!

[திரையில்: "நான் ரோபோ இல்லை" என்று காட்டும் ஓர் இணையப் பக்கம்]

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். அடுத்து கன்ட்ரோலும் வி-யும். கடைசியாக என்டர். "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்ய இந்த மூன்றையும் செய்யுங்கள்" என்று ஓர் இணையதளம் கேட்டால் செய்வீர்களா? செய்துவிட்டால், உங்கள் மின்னஞ்சல் சில நிமிடங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும். அவர் உங்களிடம் கடவுச்சொல்லும் கேட்க மாட்டார், ஓடிபியும் கேட்க மாட்டார். எப்படி என்று சொல்கிறேன். நடுவில் 1989-இல் நடந்த ஒரு சம்பவம் வரும், தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வணக்கம், சென்னையிலிருந்து பேசுகிறேன். இதற்கெல்லாம் பின்னால் இருப்பது ட்ரோஜன் என்ற தீங்கு செய்யும் நிரல். அது வைரஸைப் போலத் தானாகப் பரவுவதில்லை. உங்களுக்கு வேண்டிய ஏதோ ஒன்றாக வேடமிட்டு வரும். அதைத் திறந்து ஓடவிடுவது நீங்கள்தான். பின்னணிக்கு இவ்வளவு போதும்.

[திரையில்: பழைய ஃபிளாப்பி டிஸ்க்]

1989 டிசம்பர். சுமார் 20,000 ஃபிளாப்பி டிஸ்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே அச்சிட்டிருந்தார்கள். அனுப்பியவர் என்று குற்றம்சாட்டப்பட்டவர் ஜோசப் பாப், ஹார்வர்டில் படித்த உயிரியலாளர். டிஸ்கைப் போட்டால் அந்த நிரல் உண்மையிலேயே கேள்விகள் கேட்டது, பதில்களை வைத்து உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பைக் கணித்தது, ஆலோசனையும் சொன்னது. பின்னால் சத்தமில்லாமல், கணினி எத்தனை முறை இயக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 90-ஆவது முறையில் கோப்புகளின் பெயர்களையெல்லாம் குலைத்துப் போட்டுவிட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது.

இதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. டிஸ்கோடு வந்த உரிமத் துண்டறிக்கையிலேயே, பணம் கட்டாவிட்டால் உங்கள் மற்ற நிரல்கள் பாதிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்! அச்சடித்துக் கையில் கொடுத்ததை யார் நிதானமாகப் படித்தார்கள்?

சொன்ன வேலையைச் செய்து காட்டுவதுதான் ட்ரோஜனின் பலம். சென்னையில் பத்திரிகைக் கடைகள் உள்ள ஆண்டர்சன் தெருவுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவர் ஒருவர், விலை கட்டுப்படியாகாமல் இணையத்திலிருந்து கிராக் செய்த மென்பொருளை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திறக்கிறது, பத்திரிகையும் அழகாக வருகிறது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அந்தக் கோப்போடு வந்த குறிப்பைப் பாருங்கள்: "நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்." காவலுக்கு இருப்பதை நம் கையாலேயே அணைக்கச் சொல்கிறார்கள். ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருப்பதும் பல நேரங்களில் அதற்காகத்தான். பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. விலை பெரிய சுமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வடிவமைக்க இங்க்ஸ்கேப், படங்களைத் திருத்த ஜிம்ப், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், மூன்றும் முற்றிலும் இலவசம், தமிழ் யூனிகோடும் அவற்றில் எழுதலாம். அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்குங்கள். கிராக் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

[திரையில்: ரன் பெட்டி]

சரி, முதலில் சொன்ன அந்த மூன்று படிகள். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்ந்து, கட்டளைகளை ஓட்டும் ரன் பெட்டியைத் திறக்கின்றன. நீங்கள் "ரோபோ இல்லை" என்று சொடுக்கியபோதே அந்தத் தளம் ஒரு கட்டளையை நகலெடுத்தவை தற்காலிகமாக இருக்கும் உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. கன்ட்ரோலும் வி-யும் அழுத்தி அதைத்தான் ஒட்டுகிறீர்கள். பெட்டி சிறியது, கட்டளையோ நீளம். வால் பகுதி மட்டும் தெரியும். அங்கே "நான் ரோபோ இல்லை" என்று எழுதி வைத்திருப்பார்கள்! என்டர் தட்டியதும் ட்ரோஜன் இறங்கிவிடும்.

இப்படி இறங்குபவற்றில் ஒன்று லூமா. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டு அமைப்புகளும் சேர்ந்து அதன் கட்டமைப்பை முடக்கின. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, குக்கீகளையும் அது அள்ளிக்கொண்டு போகும்.

குக்கீயை ஏன் திருட வேண்டும்? பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஐ.டி. அலுவலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? வாசலில் அடையாள அட்டை, புகைப்படம், தொலைபேசி எண் எல்லாம் கேட்டுவிட்டுக் கழுத்தில் ஒரு பாஸ் மாட்டிவிடுவார்கள். அதன்பின் உள்ளே பார்ப்பவர்கள் பாஸைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல. நீங்கள் ஒருமுறை கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து நுழைந்ததும் இணையதளம் உங்கள் உலாவிக்குத் தரும் பாஸ்தான் அந்தக் குக்கீ. திருடன் அதைத் தன் கணினியில் மாட்டிக்கொண்டால் பல தளங்கள் அவனை நீங்களாகவே நினைத்துக்கொள்ளும். வங்கித் தளங்கள் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடும். மின்னஞ்சல் அப்படியல்ல, வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அங்கேதான் வந்து சேரும்.

ஆகவே, சந்தேகம் வந்தால் அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், புதியதும் திருடு போகும். இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு நல்ல கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சலில், "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். திருடிய பாஸ் அப்போதுதான் செல்லாமல் போகும். கணினியில், விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். என் கருத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதே நிம்மதி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

[திரையில்: ஃபைல் எக்ஸ்ப்ளோரர்]

இப்போதே செய்யக்கூடியது ஒன்று. விண்டோஸ் 11-இன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் அதை இயக்குங்கள். விண்டோஸ் இயல்பாகவே கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கிறது. அதனால் இஎக்ஸ்இ என்று முடியும் நிரல்கூட பிடிஎஃப் பில்லைப் போலத் தெரியும். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கு, கணினியிலிருந்து கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்கில் உங்கள் கோப்புகளின் ஒரு நகல், இவையும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மறக்காதீர்கள்.

டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு இன்றே அனுப்புங்கள். இங்க்ஸ்கேப்பில் தமிழ்ப் பத்திரிகை வடிவமைக்க என்ன தடை இருக்கிறது என்று அவரைக் கேட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்தத் தடைகளை வைத்தே அடுத்த வீடியோவைச் செய்கிறேன்.